நாலு பேர் புளி தட்டுற எடத்துல நாப்பது மூட்டை வந்தா: ப்ராசஸ எந்த கோருக்கு அனுப்பறதுன்னு ஓஎஸ் எப்படி முடிவு பண்ணுது

தர்மபுரி நாலு ரோடு பக்கம் சின்னதா ஒரு கடை வச்சிருக்கேன், கல்யாண வீடியோ எடிட்டிங், பத்திரிகை டிசைன், அதோட சாயங்காலம் நாலஞ்சு பசங்களுக்கு லினக்ஸ் சொல்லிக் குடுக்கறது. போன மாசம் அரூர்ல இருந்து வர்ற ஒரு தம்பி லேப்டாப்ப தொறந்து வச்சிட்டு கேட்டான், "அண்ணா, டாஸ்க் மேனேஜர்ல எட்டு கோர் இருக்குதுன்னு காட்டுது, ஆனா என் ப்ரோக்ராம் ஓடும்போது 13 பர்சென்ட்டுக்கு மேல போவவே மாட்டேங்குது, மீதி ஏழும் சம்பளம் வாங்கிட்டு சும்மா ஒக்காந்திருக்குதா?" நல்ல கேள்வி. நூற எட்டால வகுத்தா பன்னெண்டரை, அதுதான் அந்த 13. அவன் ப்ரோக்ராம் ஒரே ஒரு த்ரெட்ல (ஒண்ணு முடிஞ்சு ஒண்ணா ஓடற ஒரு வேலைத் தொடர்) எழுதினது, ஒரு த்ரெட் ஒரு நேரத்துல ஒரு கோர்லதான் (ப்ராசஸருக்குள்ள வேலை செய்யற ஒரு தனி யூனிட்) ஓட முடியும், ஓஎஸ் (மெஷின நடத்தற விண்டோஸ், லினக்ஸ் மாதிரி சாஃப்ட்வேர்) எவ்ளோ கெட்டிக்காரனா இருந்தாலும் ஒரு ஆள் செய்யற வேலைய எட்டா கிழிச்சு எட்டு பேர்கிட்ட குடுக்காது, கிழிச்சு எழுதறது நம்ம வேலை. அத சொன்னதும் அவன் விடல, சரி அப்படின்னா அந்த ஒரு த்ரெட் எந்த கோர்ல ஓடணும்னு யார் சொல்றாங்கன்னு கேட்டான். அதுக்கு பதில் சொல்லப் போய்தான் இவ்ளோ நீளமா ஆயிடுச்சு.

நீங்களும் கூடவே செஞ்சு பாக்கணும்னா லினக்ஸ் இருக்கற மெஷின் ஒண்ணு போதும், பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ற உபுண்டுவே போதும், எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம். கமாண்ட் பேரெல்லாம் நான் தமிழ் எழுத்துலதான் போட்டிருக்கேன், டெர்மினல்ல அடிக்கும்போது இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுக்கங்க.

மொதல்ல உங்ககிட்ட எத்தன இருக்குதுன்னு எண்ணுங்க. என்ப்ராக்னு (என் பி ஆர் ஓ சி) அடிச்சு என்டர் தட்டினா ஒரு நம்பர் வரும், ஆனா அத அப்படியே நம்பிடாதீங்க, அடுத்து எல்எஸ்சிபியு அடிங்க, அதுல த்ரெட்ஸ் பெர் கோர்னு ஒரு வரி இருக்கும், அது 2ன்னு இருந்தா உங்க எட்டுல நெஜமான கோர் நாலுதான், மீதி ஹைப்பர் த்ரெடிங் கணக்கு. இன்டெல் இத 2002ல கொண்டு வந்தாங்க, அன்னைல இருந்து கடைக்காரங்க பாதி பேர் கோரையும் த்ரெட்டையும் கலந்து சொல்லித்தான் விக்கறாங்க. எந்த நம்பர் எந்த கோரோட ஜோடின்னு தெரியணும்னா எல்எஸ்சிபியு போட்டு ஹைஃபன் இ சேருங்க, கோர்னு ஒரு காலம் (மேல இருந்து கீழ வர்ற பத்தி) வரும், அதுல ஒரே நம்பர் ரெண்டு வரில இருந்தா அது ரெண்டும் ஒரே கோர். சில மெஷின்ல 0வும் 4வும் ஜோடி, சிலதுல 0வும் 1உம், அதனால யாரோ சொன்னத வச்சு முடிவு பண்ணாதீங்க.

இப்ப புளி கதைக்கு வர்றேன். எங்க பாட்டி வீடு பென்னாகரம் பக்கம், மாசி பங்குனில வீட்டு வாசல்லயே புளி தட்டுவாங்க, நாலஞ்சு பொம்பளைங்க ஒக்காந்துட்டு ஓட்ட ஒடச்சு, நார உரிச்சு, கல்லு மேல வச்சு தட்டி கொட்டைய எடுக்கணும். வேலை மூட்டை மூட்டையா வரும். மூட்டைதான் ப்ராசஸ் (ஓடிட்டு இருக்கற ஒரு ப்ரோக்ராம்), தட்டறவங்கதான் கோர், மூட்டைய யார் முன்னாடி எறக்கறதுன்னு சொல்ற மேஸ்திரிதான் ஷெட்யூலர். ஹைப்பர் த்ரெடிங் என்னன்னா, இங்க மட்டும் கல்லதான் கோர்னு வச்சுக்கங்க, ஒரு கல்லுக்கு ரெண்டு பேர ஒக்கார வைக்கற மாதிரி, ஒருத்தர் நார் உரிக்கும்போது இன்னொருத்தர் கல்லுல தட்டிக்கலாம், கல்லு சும்மா இருக்காது, ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கல்லு வேணும்னா ஒருத்தர் நிக்கணும், அதனால ரெண்டு மடங்கு வேலை நடக்கும்னு எதிர்பாக்கக் கூடாது. அதனாலதான் மேஸ்திரி காலியா ஒரு கல்லு இருக்கும்போது இன்னொரு கல்லுல ரெண்டாவது ஆள ஒக்கார வைக்க மாட்டாரு, லினக்ஸும் அப்படித்தான், முழுசா சும்மா இருக்கற கோர் எதுன்னு மொதல்ல தேடும்.

மூட்டைய எப்படி பிரிக்கறதுங்கறதுல ரெண்டு வழி இருக்குது, இத புரிஞ்சிக்கிட்டா மீதி எல்லாம் தானா வரும். ஒண்ணு, நடுவுல ஒரே குவியல், யாருக்கு வேலை முடியுதோ அவங்க எழுந்து வந்து எடுத்துட்டு போவணும். யாரும் சும்மா இருக்க மாட்டாங்க, அது நல்லது. ஆனா நாலு பேர் இருக்கற வரைக்கும் சரி, நாப்பது பேர் ஆயிட்டா குவியல் கிட்டயே தள்ளுமுள்ளு, ஒருத்தர் எடுக்கும்போது மத்தவங்க கைய கட்டிட்டு நிக்கணும், கம்ப்யூட்டர்ல இதுக்கு லாக்குன்னு பேரு. அதோட நேத்து பாதி தட்டி வச்ச மூட்டை இன்னைக்கு வேற யார் கைக்கோ போயிடும். இன்னொரு வழி, ஆளாளுக்கு தனித்தனி குவியல். தள்ளுமுள்ளு இல்ல, ஆனா ஒருத்தங்க வேகமா முடிச்சிட்டு வெத்தல போட்டுட்டு ஒக்காந்திருப்பாங்க, பக்கத்துல இருக்கறவங்க முன்னாடி மலை மாதிரி கெடக்கும்.

லினக்ஸ் ரெண்டையும் பாத்துட்டு வந்ததுதான். 1996ல 2.0 வெர்ஷன்லதான் ஒண்ணுக்கு மேல ப்ராசஸர தாங்கற சக்தி வந்துச்சு, 2.4 வரைக்கும் ஷெட்யூலர்ல எல்லாருக்கும் பொதுவா ஒரே க்யூ (அதாவது குவியல்), ஒரே லாக். 2003 கடைசில வந்த 2.6ல இங்கோ மோல்னார் எழுதின ஷெட்யூலர் கோருக்கு ஒரு க்யூன்னு பிரிச்சுடுச்சு. அப்பறம் 2007ல சிஎஃப்எஸ், 2023ல 6.6 கெர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதி) இஇவிடிஎஃப்னு உள்ள இருக்கற கணக்கு மாறிட்டே வந்தாலும் கோருக்கு ஒரு க்யூங்கறது மாறல. க்யூ தனித்தனியா இருந்தா ஒரு எடத்துல சேரும் ஒரு எடத்துல காலியாவும், அத சரிக்கட்டத்தான் லோட் பேலன்சிங்.

அது எப்பெப்ப நடக்குதுன்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. ஒரு கோர் க்யூல வேலை தீந்து சும்மா ஆகப் போகும்போது அதுவே பக்கத்து க்யூல எட்டிப் பாத்து ஒண்ண இழுத்துக்கும், வெத்தல போடறதுக்கு முன்னாடி "அக்கா அந்த மூட்டைய இங்க தள்ளு"ன்னு கேக்கற மாதிரி. அது பத்தலன்னா குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவ மேஸ்திரி சுத்தி வந்து பாத்து மாத்தி வைப்பாரு. தூங்கிட்டு இருந்த ப்ராசஸ் முழிக்கும்போதும் ஒரு தடவ எங்க வைக்கலாம்னு யோசிப்பாரு. இதுல எனக்கு ரொம்ப புடிச்சது எதுன்னா, புது ப்ரோக்ராம் ஆரம்பிக்கற நேரத்துல, அதாவது எக்ஸெக் கூப்பிடும்போது, தாராளமா தூரமா இருக்கற கோருக்குக் கூட அனுப்பிடும், ஏன்னா அப்ப மூட்டைய இன்னும் பிரிக்கவே இல்ல, தூக்கிட்டு போறதுக்கு செலவு கம்மி.

பிரிச்ச மூட்டைக்கு செலவு அதிகம், அதுதான் விஷயமே. ஒருத்தங்க முன்னாடி புளிய பரப்பி, ஓடு ஒரு பக்கம் கொட்ட ஒரு பக்கம் நார் ஒரு பக்கம்னு வச்சிருக்கும்போது, இத அப்படியே அந்தம்மாகிட்ட குடுன்னு சொன்னா எல்லாத்தையும் அள்ளி கட்டி திரும்ப பரப்பணும். கோர்ல அந்த பரப்பி வச்சதுக்குப் பேரு கேச். ப்ராசஸுக்கு வேணும்ங்கற டேட்டா எல்லாம் அந்த கோரோட எல்1 எல்2 கேச்ல சூடா இருக்கும், வேற கோருக்குப் போனா அங்க இது எதுவும் இல்ல, எல்3யில இருந்தோ ராம்ல இருந்தோ திரும்ப கொண்டு வரணும், எல்1ல நாலஞ்சு க்ளாக்ல (ப்ராசஸரோட துடிப்பு) கெடைக்கறதுக்கு ராம் வரைக்கும் போனா நூத்துக்கணக்குல க்ளாக் ஆவும். அதனால லினக்ஸ்ல ஒரு கணக்கு, கடைசி அரை மில்லிசெகண்ட்டுக்குள்ள ஓடின டாஸ்க்குன்னா இது இன்னும் சூடா இருக்குது தொடாதேன்னு முடிஞ்ச வரைக்கும் விட்டுடும். சும்மா இருக்கற கோருக்கு வேலை குடுக்கணும்னு ஒரு பக்கம் இழுக்குது, இருக்கற எடத்துலயே இருக்கட்டும்னு கேச் இன்னொரு பக்கம் இழுக்குது, ஷெட்யூலர் எடுக்கற ஒவ்வொரு முடிவும் இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சமாதானம்தான்.

சரி இத கண்ணால பாக்கலாம். ஒரு டெர்மினல்ல டாப் ஓட்டுங்க, ஓடும்போது 1 அழுத்தினா ஒவ்வொரு கோரும் தனித்தனி வரியா வரும். அடுத்து எஃப் அழுத்துங்க, பெரிய லிஸ்ட் வரும், அதுல லாஸ்ட் யூஸ்ட் சிபியுன்னு ஒண்ணு இருக்கும், கீழ் அம்புக்குறில அதுக்குப் போய் ஸ்பேஸ் தட்டி, க்யூ அழுத்தி வெளிய வாங்க. இப்ப பிங்கற பேர்ல ஒரு புது காலம் தெரியும், அந்த ப்ராசஸ் கடைசியா எந்த கோர்ல ஓடுச்சுங்கற நம்பர்.

இன்னொரு டெர்மினல் தொறந்து யெஸ்னு அடிச்சு, கிரேட்டர் தேன் குறி போட்டு, ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் நல் அடிச்சு, கடைசில ஆம்பர்சண்ட் போட்டு என்டர். யெஸ் ஒய்ங்கற எழுத்த முடிவே இல்லாம கக்கிட்டே இருக்கற கமாண்ட், அத குப்பைத்தொட்டிக்கு திருப்பி விட்டுட்டோம், அதனால ஒரு கோர முழுசா தின்னும், ஃபேன் சத்தம் வரும், பயப்படாதீங்க. டாப்ல பாத்தா 100ன்னு காட்டும். இங்க ஒரு குழப்பம் வரும், லினக்ஸ் டாப்ல 100னா ஒரு கோர் முழுசுன்னு அர்த்தம், எட்டும் ஓடினா 800 வரும், விண்டோஸ்ல 100னா மொத்த மெஷின். தம்பியோட 13உம் இந்த 100உம் ஒரே விஷயம்தான்.

பி காலத்த கொஞ்ச நேரம் பாருங்க, பெரும்பாலும் ஒரே நம்பர்லதான் இருக்கும். இப்ப அதே கமாண்ட திரும்பத் திரும்ப போட்டு, உங்க என்ப்ராக் நம்பரவிட ஒண்ணு அதிகமா யெஸ் ஓட விடுங்க, நாலு இருந்தா அஞ்சு. எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணு, ஒரு கோர்ல மட்டும் ரெண்டு. அந்த ரெண்டும் 50 50ன்னு பங்கு போட்டுக்கும். பாத்துட்டே இருந்தீங்கன்னா அப்பப்ப பி நம்பர் மாறும், எதாவது ஒண்ணு எடம் மாறிப் போவும், மேஸ்திரி சுத்தி வர்றாருன்னு அர்த்தம். எங்க க்ளாஸ்ல பசங்க இத அஞ்சு நிமிஷம் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பாத்துட்டு இருந்தாங்க.

அடுத்து கட்டிப்போடறது. மொதல்ல கில்ஆல் யெஸ் அடிச்சு எல்லாத்தையும் நிறுத்துங்க. டாஸ்க்செட், ஒரு இடம் விட்டு ஹைஃபன் சி, இடம் விட்டு 0, அதுக்கப்பறம் பழைய யெஸ் வரி அப்படியே. இத ரெண்டு தடவ போடுங்க. இப்ப டாப் பாத்தா 0வது கோர்ல ரெண்டும் 50 50ன்னு முட்டிட்டு இருக்கும், மத்த கோரெல்லாம் காத்து வாங்கிட்டு இருக்கும், எவ்ளோ நேரம் ஆனாலும் நகராது. ஷெட்யூலருக்கு கண்ணு தெரியாம இல்ல, நீங்க நகத்தக் கூடாதுன்னு சொல்லிட்டீங்க, அது கேட்டுக்குது. ஓடிட்டு இருக்கறத அவுத்து விடணும்னா டாஸ்க்செட் ஹைஃபன் சிபி, அடுத்து 0-3 மாதிரி கோர் வரிசை, அடுத்து ப்ராசஸ் நம்பர். அவுத்த அடுத்த நொடியே ஒண்ணு தாவிப் போயி ரெண்டும் 100க்கு ஏறும், அத நேர்ல பாத்தாதான் லோட் பேலன்சிங் மேல மரியாதை வரும். நெறைய த்ரெட் இருக்கற ப்ரோக்ராம்னா ஏ எழுத்தையும் சேத்து போடணும், இல்லன்னா மெயின் த்ரெட் மட்டும் மாறும், மீதி எல்லாம் பழைய எடத்துலயே கெடக்கும், இதுல ஒரு நாள் முழுக்க மண்டைய ஒடச்சிருக்கேன்.

விண்டோஸ்ல இருக்கறவங்க டாஸ்க் மேனேஜர்ல டீடெய்ல்ஸ் டேப் போயி ப்ராசஸ் மேல ரைட் க்ளிக் பண்ணி செட் அஃபினிட்டி (எந்தெந்த கோர்ல ஓடலாம்ங்கற கட்டு), டிக் எடுத்து விட்டுக்கலாம். அந்த ப்ரோக்ராம மூடித் தொறந்தா அது போயிடும். அங்க இன்னொரு ஏமாத்து வேலையும் இருக்கு, பெர்ஃபார்மன்ஸ்ல கிராஃப் மேல ரைட் க்ளிக் பண்ணி லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்னு மாத்தி பாத்தா, ஒரே த்ரெட் ப்ரோக்ராம் ஓடும்போதே எல்லா கட்டத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் ஏறி எறங்கறது தெரியும். உடனே எல்லா கோரும் வேலை செய்யுதுன்னு நெனச்சுக்காதீங்க, ஒரே ஆள்தான் எடம் மாத்தி மாத்தி ஒக்காந்துட்டு இருக்காரு, கூட்டிப் பாத்தா ஒரு கோர் அளவுதான் வரும்.

இப்ப என் கதை. முகூர்த்த மாசம், மூணு கல்யாண வீடியோ ரெண்டர் பாக்கி, நடுவுல பத்திரிகை டிசைன் பண்ணணும்னா சிஸ்டம் திக்கித் திணறுது. நான் பெரிய அறிவாளி மாதிரி எடிட்டிங் சாஃப்ட்வேர் ஐகான்லயே டாஸ்க்செட் போட்டு 0, 1ன்னு ரெண்டு கோர்ல கட்டிட்டேன், டிசைன் வேலை ஜம்முனு ஓடுச்சு, அத மறந்தும் போயிட்டேன். ராத்திரி ரெண்டர் போட்டுட்டு வீட்டுக்குப் போயி காலைல வந்தா பாதி கூட முடியல. பொண்ணு வீட்டுக்காரங்க காரிமங்கலத்துல இருந்து பஸ் ஏறி வந்து கடையில ஒக்காந்துட்டாங்க, அவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்துட்டு நான் உள்ள போயி ஹார்ட் டிஸ்க்கு, ஹீட்டு, வைரஸ்னு என்னென்னவோ பாக்கறேன், ஒண்ணும் இல்ல. கடைசில ப்ராக் ஃபோல்டருக்குள்ள அந்த ப்ராசஸ் நம்பர் ஃபோல்டர்ல ஸ்டேட்டஸ் ஃபைல தொறந்தா சிபியுஸ் அலவ்ட் லிஸ்ட் 0-1ன்னு பல்லிளிக்குது. அஃபினிட்டி அப்பன்கிட்ட இருந்து புள்ளைக்கு போவும், சாஃப்ட்வேர நான் ரெண்டு கோர்ல கட்டினா அது தொறக்கற ஒவ்வொரு ரெண்டர் ப்ராசஸும் அதே ரெண்டு கோருக்குள்ளயே பொறக்கும். மெஷின் சொன்ன பேச்ச கேட்டுச்சு, சொன்னவன் மறந்துட்டான்.

அதுக்கு நான் அன்னைக்கு செஞ்சிருக்க வேண்டியது நைஸ்ங்கற கமாண்ட். கோர பூட்டாம, முக்கியத்த மட்டும் கொறச்சு சொல்றது. யாருக்கும் தேவை இல்லாத நேரத்துல மொத்த மெஷினையும் எடுத்துக்கோ, யாராவது வந்தா ஒதுங்கிக்கோ, அவ்ளோதான். நம்பர் -20ல இருந்து 19 வரைக்கும், நம்பர் ஏற ஏற பங்கு கொறையும். செஞ்சு பாருங்க, யெஸ் ரெண்டையும் 0வது கோர்லயே கட்டுங்க, ஆனா ரெண்டாவதுக்கு முன்னாடி நைஸ், ஹைஃபன் என், 5 சேத்துக்கங்க. டாப்ல 50 50க்கு பதிலா கிட்டத்தட்ட 75, 25ன்னு வரும், ஏன்னா நைஸ் 0க்கு எடை 1024, நைஸ் 5க்கு 335, அந்த விகிதத்துல கோரோட நேரத்த பிரிக்குது. ஒண்ணு ஞாபகம், ரெண்டையும் ஒரே டெர்மினல்ல இருந்து போடுங்க. தனித்தனி டெர்மினல்ல போட்டா நெறைய டெஸ்க்டாப்ல 50 50யே வரும், ஆட்டோகுரூப்னு ஒண்ணு ஒவ்வொரு டெர்மினலையும் ஒரு குடும்பமா சேத்து குடும்பத்துக்கு சம பங்குன்னு பிரிச்சுடும், நைஸ் குடும்பத்துக்குள்ளதான் செல்லும். இது தெரியாம நைஸ் வேலையே செய்யலன்னு திட்டிட்டு இருக்கறவங்க நெறைய பேர்.

அப்ப டாஸ்க்செட்டுக்கு வேலையே இல்லையான்னா இருக்குது. ரெண்டு ப்ரோக்ராம்ல எது வேகம்னு அளந்து பாக்கணும்னா ரெண்டையும் ஒரே கோர்ல கட்டி அளக்கறது நியாயம். ரெண்டு சாக்கெட் (ப்ராசஸர் சிப் மாட்டற எடம்) இருக்கற சர்வர்ல ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பக்கத்துல தனி ராம் இருக்கும், அங்க டேட்டாபேஸ இந்தப் பக்கமே இருன்னு கட்டறதுல லாபம் இருக்கலாம், ஒரு தோட்டத்துல புளிய வச்சிட்டு அடுத்த ஊர்ல ஒக்காந்து தட்டற கதை வேணாம்னு. வீட்டு லேப்டாப்புக்கு பத்துல ஒம்போது தடவ அது தேவைப்படாதுங்கறது என் அபிப்ராயம், அதுவும் 2021ல வந்த இன்டெல் 12ஆம் தலைமுறைல இருந்து நெறைய சிப்ல பெரிய கோர் சின்ன கோர்னு கலந்து இருக்கு, கையில இருக்கற போன்ல அதுக்கு முன்னாடி இருந்தே அப்படித்தான், தெரியாம நீங்க கட்டின கோர் சின்ன கோரா இருந்துட்டா நீங்களே ஸ்பீட கொறச்ச மாதிரி.

லோட் ஆவரேஜ் பத்தி ஒரு வார்த்தை. டாப்ல மேல மூணு நம்பர் இருக்கும், 1, 5, 15 நிமிஷத்தோட சராசரி. நாலு கோர் மெஷின்ல 4ன்னா ஆளுக்கு ஒரு மூட்டை, 8ன்னா வரிசைல நிக்கறாங்கன்னு பொதுவா சொல்லுவாங்க. ஆனா லினக்ஸ்ல டிஸ்க்குக்காக காத்துட்டு இருக்கற ப்ராசஸும் இதுல சேரும், அதனால லோட் 8 காட்டிட்டு கோரெல்லாம் சும்மா இருந்தா ஷெட்யூலர திட்டாதீங்க, உங்க பழைய ஹார்ட் டிஸ்க்க பாருங்க.

எல்லாம் முடிஞ்சதும் மறக்காம கில்ஆல் யெஸ். அந்த அரூர் தம்பி நாலு யெஸ்ஸ ஓட விட்டுட்டு டெர்மினல மினிமைஸ் பண்ணிட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டான், மூடி போட்டா தூங்காத மாதிரி வேற செட்டிங்ஸ்ல மாத்தி வச்சிருக்கான், வீட்டுக்குப் போயி பைய தொறந்தா லேப்டாப் தோசக்கல்லு மாதிரி சுடுது, சார்ஜும் சுத்தமா இல்ல. மறுநாள் வந்து "அண்ணா, எந்த கோர்ல ஓடுச்சுன்னு பாக்க முடியல"ங்கறான்.